நாக்கில் இல்லாத இனிப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் இனிப்புப் பண்டங்களின் பெயரைத் தாங்கிய தேநீர் வகைகள் இன்று சர்வசாதாரணம். ஆப்பிள் பை, பூசணிப் பை, கீ லைம் பை, பீக்கன் பை, லெமன் மெராங் பை என்று பட்டியல் நீளும். பை என்பது அங்கே விருந்தின் முடிவில் வரும் பண்டம். மைதாவையும் வெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து தட்டிய ஓட்டுக்குள் சர்க்கரையில் புரட்டிய பழத்தையோ, முட்டையும் பாலும் சேர்ந்த கூழையோ நிரப்பி ஓவனில் சுட்டெடுப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் கொழுப்பும் மாவும் சர்க்கரையும் நிறைந்திருக்கும். அதே பெயரில் விற்கும் தேநீரில் இவை எதுவும் சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. இலை, சில துண்டு உலர்பழம், கொஞ்சம் பட்டை, சில துளி வாசனைச் சாறு ஆகியவை கொதிநீரில் சில நிமிடம் ஊறுகின்றன, அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை போடாமல் குடிப்பவர்களிலும் பலர் அது இனிக்கிறது என்கிறார்கள். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

இதற்கு எளிதான விடை ஒன்று உண்டு: எல்லாம் பிரமை, கடைக்காரர் வைத்த பெயரில் மயங்கியவர்களின் கற்பனை. இந்த விடை போதாது என்பதே என் வாதம். நாக்கு அனுப்பும் செய்தியை மூளை அப்படியே வாசித்துச் சொன்னால் அதுதான் இனிப்பு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நாக்கு சொல்வது, மூக்கு சொல்வது, இதுவரை உண்டவற்றின் நினைவு ஆகிய மூன்றையும் சேர்த்து மூளை எடுக்கும் முடிவு அது. அந்த முடிவில் மணத்துக்குள்ள பங்கு பெரியது. மணத்தால் எழும் இனிப்பும் உண்மையான உணர்வுதான். ஆனால் பிறப்பிலேயே வாய்க்காமல், உண்டு பழகிக் கற்றுக்கொள்வதால் வருவது. பை மணத் தேநீர் மூக்குக்குப் பண்டத்தின் மணத்தைத் தந்து, நாக்குக்குச் சர்க்கரையை மறுத்துவிடுகிறது. வழக்கமாகச் சேர்ந்தே வரும் இரண்டையும் இப்படிப் பிரித்துவிடுவதால், நம் புலன்கள் இயங்கும் விதத்தை அறிய இதைவிட எளிய சோதனைப் பொருள் கிடைப்பது அரிது.

நாக்கும் மூக்கும்

முதலில் நாக்கின் பங்கைக் கணக்கெடுப்போம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தையும் அடிப்படைச் சுவைகளாக அறிவியல் ஏற்றிருக்கிறது. இனிப்பை அறியும் ஏற்பி இரண்டு புரதங்கள் இணைந்த ஒன்று என்பது 2001-ஐ ஒட்டித் தெளிவானது. கசப்பை அறிய மனிதருக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்க, இனிப்புக்கு முதன்மையாக இந்த ஓர் இணைதான் உண்டு. அதைத் தூண்டும் அளவுக்குத் தேயிலையில் எதுவும் இல்லை. காஃபீன் கசக்கும். கேட்டச்சின் போன்ற பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயை வறட்டும். நாம் துவர்ப்பு என்பது அதைத்தான். ஆக, நாக்கை மட்டும் கேட்டால் இந்தத் தேநீர் கொஞ்சம் கசப்பும் துவர்ப்பும் கொண்ட வெந்நீர். இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில கலவைகளில் அதிமதுர வேரோ சீனித்துளசி இலையோ சேர்ந்திருக்கும். இரண்டிலும் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் பொருள்கள் உண்டு. உலர்ந்த ஆப்பிள் துண்டுகளும் சிறிது சர்க்கரையை நீரில் விடும். அத்தகைய தேநீரில் நாக்குக்கே இனிப்பு கிடைத்துவிடுவதால் அவற்றை இந்த வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அவற்றை ஒதுக்கி, மணம் மட்டும் ஏற்றிய இலையை எடுத்துக்கொண்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது.

மூக்கின் நிலை வேறு. மணத்தை அறிய நமக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் இயங்குகின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-இல் கண்டறிந்தார்கள்; அதற்காக 2004-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். மணம் இந்த ஏற்பிகளை அடைய இரண்டு வழிகள் உண்டு. முகரும்போது வெளிக்காற்று மூக்குத் துளை வழியாக உள்ளே போகிறது. விழுங்கும்போது வாயிலிருக்கும் பொருளின் ஆவி தொண்டைக்குப் பின்னால் மேலேறி, மூச்சு வெளிவரும் பாதையில் மூக்கை எட்டுகிறது. இந்த இரண்டாவது வழியில் வரும் மணத்தை மூளை மூக்கின் கணக்கில் எழுதுவதில்லை, வாயின் கணக்கில் எழுதுகிறது. முகர்வு ஒன்றே ஆனாலும் அது இரண்டு புலன்களைப்போல நடந்துகொள்கிறது என்பதை உளவியலாளர் பால் ரோசின் 1982-இல் விரிவாக எழுதினார். 2020-இல் கொரோனா தொற்றியவர்கள் பலர் சாப்பாட்டில் ருசியே இல்லை என்றபோது, அவர்களில் பெரும்பாலோர் இழந்திருந்தது இந்த மணத்தைத்தான். அவர்களுக்குச் சர்க்கரை இனித்தது, உப்பு கரித்தது, ஆனால் குழம்புக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேயிலைச் சுவைஞர்கள் கரண்டித் தேநீரைச் சத்தமாக உறிஞ்சுவதும் இதற்காகவே. காற்றோடு கலந்து துளிகளாகச் சிதறும் தேநீர் தன் ஆவியை இந்தப் பின்வழியே வேகமாக அனுப்புகிறது.

பையின் மணத்தைப் பிரித்தால்

மூக்குக்குப் போகும் அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது? ஆப்பிள் பையை எடுத்துக்கொள்வோம். பச்சை ஆப்பிளின் பழமணம் பெரிதும் எஸ்டர்கள் எனப்படும் சேர்மங்களால் ஆனது. ஹெக்ஸைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. வெந்த ஆப்பிளில் பீட்டா டமாசினோன் மேலோங்குகிறது. லட்சம் கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு. அது மணப்பதோடு, வாயில் உறைப்பை அறியும் நரம்புகளையும் தூண்டி மெல்லிய காரத்தைத் தருகிறது. வெண்ணெய்க்கு டைஅசிட்டைலும் லாக்டோன்களும். சுட்ட ஓட்டின் மணம், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதால் பிறப்பது. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் விளக்கியதால் அவர் பெயரால் வழங்கும் வினை அது. ரொட்டியின் மேலோட்டுக்கு மணம் தரும் 2-அசிட்டைல்-1-பைரோலின்தான் பாசுமதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருகிறது. ஃபுளோரிடா மாநிலம் 2006-இல் தன் அதிகாரபூர்வப் பையாக அறிவித்த கீ லைம் பையில் எலுமிச்சை இனத்துச் சிட்ராலும் சுண்டக் காய்ச்சிய பாலின் லாக்டோன்களும் கூடுகின்றன. பீக்கன் பையில் வறுத்த கொட்டையின் பைரசின்களும், பாகின் கேரமல் மணமும் உண்டு. மேப்பிள் பாகு மணத்தைக் கொண்டுவரச் சோடோலோன் உதவும். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவதும் இதே மூலக்கூறுதான். 2005 முதல் சில ஆண்டுகள் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை வீசி மக்களைக் குழப்பியது. நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய ஒரு வாசனைப் பொருள் ஆலையே காரணம் என்று நகராட்சி 2009-இல் அறிவித்தது.

இந்த மணங்களை ஏற்றுக்கொள்ளும் தேயிலையும் வெற்றுப் பாத்திரமாக இருப்பதில்லை. நன்கு நொதித்த கருந்தேயிலையில் லினலூல், ஜெரானியால் ஆகிய பூமணச் சேர்மங்களோடு அதே பீட்டா டமாசினோனும் இருக்கிறது. வெந்த ஆப்பிளின் மணத்தில் ஒரு பகுதி, ஆப்பிள் சேரும் முன்பே இலையில் காத்திருக்கிறது எனலாம். ஜப்பானியரின் ஹோஜிச்சா போன்ற வறுத்த தேயிலையில் பைரசின்கள் உண்டு என்பதால் கொட்டை வகை மணங்கள் அதில் எளிதாகப் படிகின்றன. தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் தேயிலைச் செடியே அன்று. வேறொரு புதரின் இலை. அதில் காஃபீன் இல்லை, துவர்ப்பும் குறைவு. இனிப்புப் பண்ட மணங்களுக்கு அதைப் பலர் விரும்புவதற்கு இது நல்ல காரணம்: கசப்பும் துவர்ப்பும் இனிப்பை அடக்கும். அடக்குபவை குறைந்தால், மணம் தூண்டும் மெல்லிய இனிப்பும் தலைதூக்க இடம் கிடைக்கிறது.

பண்டம் முழுவதையும் நினைவுக்குக் கொண்டுவர அதன் எல்லா மணங்களும் தேவையில்லை என்பதற்கு அமெரிக்கச் சமையலே இரண்டு சான்றுகளைத் தருகிறது. பூசணிக்குத் தனக்கென வலுவான மணம் இல்லை. பூசணிப் பை என்று மக்கள் அடையாளம் காண்பது பட்டை, இஞ்சி, சாதிக்காய், கிராம்பு சேர்ந்த மசாலாவைத்தான். மெக்கார்மிக் நிறுவனம் அந்த மசாலாவை ஒரே புட்டியில் அடைத்து 1934-இல் விற்கத் தொடங்கியது. ஸ்டார்பக்ஸ் 2003-இல் கொண்டுவந்த பூசணி மசாலா லாத்தேயில் பூசணி இருக்கவில்லை, 2015-இல்தான் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அது பெரும் வெற்றி பெறுவதற்குப் பூசணி இல்லாதது தடையாகவே இல்லை. இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. ஆப்பிளே இல்லாத ஆப்பிள் பையை 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கர்கள் செய்தார்கள்; பின்னர் ரிட்ஸ் பிஸ்கட்டின் பெட்டியிலேயே அதன் செய்முறை அச்சாகி நாடெங்கும் பரவியது. உப்புப் பிஸ்கட்டுகளைச் சர்க்கரைப் பாகிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்து, பட்டைத்தூள் தூவி, ஓட்டுக்குள் வைத்துச் சுடுவார்கள். புளிப்பும் இனிப்பும் பட்டை மணமும் பழம்போல் குழைந்த பிஸ்கட்டும் சேர்ந்தால் போதும். விடுபட்ட ஆப்பிளை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பழகியவரின் குரலைக் கேட்டதும் முகம் நினைவில் எழுவதைப் போன்றது இது.

மணம் கற்றுக்கொள்ளும் இனிப்பு

ஆப்பிள் பையை நினைவூட்டுவது ஒன்று, இனிப்பை உணரவைப்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பாய ஆய்வகச் சான்று வேண்டும்; அது உண்டு. 1988-இல் ராபர்ட் ஃபிராங்கும் ஜெனிஃபர் பைரமும் கடைந்த பாலேட்டில் ஸ்ட்ராபெரி மணம் சேர்த்துக் கொடுத்தபோது சுவைத்தவர்கள் அது கூடுதலாக இனிப்பதாகச் சொன்னார்கள். நிலக்கடலை வெண்ணெய் மணத்துக்கு அந்த விளைவு இல்லை. ஸ்ட்ராபெரி மணம் உப்பைக் கூட்டவும் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்தபோது கூடுதல் இனிப்பு மறைந்துவிட்டது. ஆக, அந்த இனிப்பு மூக்கு வழியாக வந்தது. எல்லா மணமும் அதைச் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஸ்டீவன்சனும் ஜான் பிரெஸ்காட்டும் ராபர்ட் போக்ஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒருபடி மேலே போனது. கேரமல் மணம் சர்க்கரைக் கரைசலின் இனிப்பைக் கூட்டியதோடு, சிட்ரிக் அமிலத்தின் புளிப்பைத் தணிக்கவும் செய்தது. புளிப்பைத் தணிப்பது உண்மையான சர்க்கரை செய்யும் வேலை. வெறும் பெயரளவில் இனிக்கும் ஒன்று அந்த வேலையைச் செய்யாது. ஆய்வகத்துக்கு வெளியே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் தக்காளி ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், சர்க்கரை குறைவாக இருந்த ஒரு ரகம், சர்க்கரை கூடிய இன்னொன்றைவிட இனிப்பாக மதிப்பிடப்பட்டது. அந்த வித்தியாசத்தை ஆவியாகும் மணச் சேர்மங்களைக் கொண்டு விளக்க முடிந்தது.

வனிலாவும் கேரமலும் இனிப்பைக் கூட்டும் ஆற்றலை எங்கே பெற்றன? அவற்றின் மூலக்கூறு வடிவத்தில் இனிப்பு இல்லை. வனிலின் கரைசலை மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்தால் இனிக்காது. கற்றலில்தான் விடை இருக்கிறது. அதே ஆஸ்திரேலியக் குழு 1990-களில், சோதனைக்கு வந்தவர்கள் அவ்வளவாக அறிந்திராத லிச்சி, நீர்க்கொட்டை மணங்களை எடுத்துக்கொண்டது. ஒரு மணத்தைச் சர்க்கரைக் கரைசலோடும் இன்னொன்றைச் சிட்ரிக் அமிலத்தோடும் சேர்த்துச் சில முறை கொடுத்தார்கள். பிறகு வெறுமனே முகரச் சொன்னபோது, சர்க்கரையோடு வந்த மணம் முன்பைவிட இனிப்பாகவும் அமிலத்தோடு வந்தது முன்பைவிடப் புளிப்பாகவும் மணந்தது. பிறந்த குழந்தை சர்க்கரை நீருக்கு முகம் மலர்வது இயற்கையாக வருவது. வனிலாவை இனிப்பென்று கொள்வது பிறந்தநாள் கேக்குகளும் ஐஸ்கிரீம்களும் புகட்டிய பாடம். மூளையிலும் இதன் தடம் தெரிகிறது. டேனா ஸ்மாலும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், வனிலா மணமும் இனிப்பும் சேர்ந்து வந்தபோது சுவைக்கும் இன்பத்துக்கும் தொடர்புடைய பகுதிகளில் எழுந்த எதிர்வினை, இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது எழுந்தவற்றின் கூட்டுத்தொகையையும் மிஞ்சியது. வனிலாவோடு உப்பைச் சேர்த்தபோது அப்படி நேரவில்லை. சேர்ந்தே பழகியவற்றைத்தான் மூளை ஒன்றாக்குகிறது.

கற்பதால் வருவது என்றால் ஊருக்கு ஊர் மாற வேண்டும், மாறத்தான் செய்கிறது. மெத்தில் சாலிசிலேட்டின் மணம் அமெரிக்கருக்கு மிட்டாயும் ரூட் பியர் பானமும். நமக்குத் தசைவலித் தைலம். ஏலக்காய் நமக்குப் பாயசத்தையும் கேசரியையும் நினைவூட்டுவதால் அதன் மணத்திலேயே இனிப்பு கலந்துவிடுகிறது. பச்சைக் கற்பூரம் சர்க்கரைப் பொங்கலில் அதே வேலையைச் செய்கிறது. அந்தப் பண்டங்களை உண்டு வளராதவருக்குப் பச்சைக் கற்பூரம் மருந்து மணமாகவே தோன்றக்கூடும். இந்தப் பார்வையில் ஆப்பிள் பை மணத் தேநீர் எல்லோருக்கும் ஒரே அளவில் இனிக்க வாய்ப்பில்லை. சிறுவயது முதல் பட்டையைச் சர்க்கரையோடு உண்டவருக்கு அந்தத் தேநீர் இனிக்கும். பட்டையைப் பிரியாணியிலும் குருமாவிலும் அறிந்தவருக்கு அதன் இனிப்பு குறைந்து, காரம் முன்னே வரும் என்று எதிர்பார்க்கலாம். தேநீரில் குறை காண ஏதுமில்லை. குடிப்பவர் கொண்டுவரும் அனுபவம்தான் வேறு.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு, இதே துறை ஆய்வாளர்களிடமிருந்தே வந்தது. சோதனைக்கு வந்தவரிடம் இனிப்பை மட்டும் மதிப்பிடச் சொன்னால், ஸ்ட்ராபெரி மணத்தைக் குறிக்க வேறு இடமில்லாமல் அதையும் இனிப்புக் கணக்கில் போட்டுவிடுவார் என்பது அந்த மறுப்பு. 1993-இல் ஃபிராங்கும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். இனிப்போடு பழமணம் முதலியவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் தரச் சொன்னபோது கூடுதல் இனிப்பு பெருமளவு குறைந்துவிட்டது. அப்படியானால் எல்லாமே படிவத்தின் கோளாறா? இரண்டு காரணங்களால் இல்லை என்கிறேன். ஒன்று, ஆஸ்திரேலியக் கற்றல் சோதனையில் மதிப்பிடும் முறை இரண்டு மணங்களுக்கும் ஒன்றே. மாறியது அவை எதோடு சேர்ந்து வந்தன என்பது மட்டும். படிவத்தில் இடமில்லாததால் ஒரு மணம் இனிப்பாகவும் மற்றது புளிப்பாகவும் மாறிவிடாது. இரண்டு, மதிப்பெண்ணே கேட்காத சோதனையும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்தில் பமீலா டால்ட்டன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கால் உணர முடியாத அளவு நீர்த்த சாக்கரின் கரைசலை வாயில் வைத்திருந்தவர்கள், வாதுமை மணமுள்ள பென்சால்டிஹைடை வழக்கத்தைவிடக் குறைந்த செறிவிலேயே கண்டுபிடித்தார்கள். வெறும் நீருக்கும் உமாமிக் கரைசலுக்கும் அந்த விளைவு இல்லை. உணரவே முடியாத சுவை மணத்தோடு கூடுகிறது என்றால், அந்தக் கூடல் படிவத்தை நிரப்பும் கட்டத்துக்கு வெகு முன்பே நடக்கிறது. தனித்தனியே மதிப்பெண் கேட்கும்போது இனிப்பு குறைவதற்கும் விளக்கம் உண்டு. அப்போது மனம் ருசியைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கிறது. தேநீர் குடிப்பவர் அப்படிப் பிரிப்பதில்லை.

அடுத்த மறுப்பு பெயரைப் பற்றியது. உறையில் ஆப்பிள் பை என்று அச்சடித்திருப்பதால்தான் ஆப்பிள் பை தெரிகிறது, பெயரை மறைத்துக் கொடுத்தால் பலர் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பிரான்சின் போர்தோவில் 2001-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், வெள்ளை ஒயினுக்கு மணமற்ற சிவப்பு நிறமேற்றிக் கொடுத்தபோது, ஒயின் கலை பயிலும் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். எதிர்பார்ப்பு புலனை வளைக்கும். ஆனால் பெயரால் எல்லாம் ஆகிவிடும் என்றால் வெந்நீர்க் கோப்பையில் ஆப்பிள் பை என்று எழுதி ஒட்டினாலே போதுமே. பெயர் செய்வது, பல பண்டங்களுக்குப் பொதுவான பட்டை, வெண்ணெய், பழ மணங்களை எந்தப் பண்டமாகக் கொள்வது என்று மூளைக்கு வழிகாட்டுவது. பண்டத்தை அடையாளம் காண அது உதவுகிறது. இனிப்பின் வேர், மணமும் சர்க்கரையும் சேர்ந்த பழைய அனுபவத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத சோதனைகளிலும் கேரமல் மணம் இனித்தது அதனால்தான்.

தேயிலையை நேசிப்பவர்கள் எழுப்பும் மறுப்பு வேறு விதமானது: நல்ல இலைக்கு எதற்கு வாசனைச் சாறு, அது கலப்படம் இல்லையா? அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். மட்டமான இலையின் குறையை மறைக்க வலுவான மணமேற்றுவது வாங்குபவரை ஏமாற்றுவதே. ஆனால் மணமேற்றுவதே குற்றமாகாது. சீனர்கள் மல்லிகை மொட்டுகளோடு தேயிலையை அடுக்கி மணமேற்றுவது பல நூற்றாண்டுப் பழக்கம்; எர்ல் கிரேயின் மணம் பெர்கமாட் என்னும் கிச்சிலி இனப் பழத்தின் எண்ணெய். செயற்கை மணம் என்னும் அச்சத்தையும் தனியே பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1874-இல் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரத்திலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஆக்கிய வனிலின், வனிலாக் காயில் இருக்கும் அதே மூலக்கூறு. இயற்கையான காயில் கூடவே வரும் நூற்றுக்கணக்கான துணை மணங்கள் அதில் இல்லை என்பதே குறை. அது ருசியின் ஆழத்தைப் பற்றிய குறை. உண்மையான ஆபத்து நேர்ந்த இடம் வேறு. 2000-இல் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்குக் கடுமையான நுரையீரல் நோய் இருப்பது வெளிவந்தது. வெண்ணெய் மணச் சாறுகளின் ஆவியை, குறிப்பாக டைஅசிட்டைலை, நாள்தோறும் சுவாசித்ததோடு அந்த நோய் தொடர்புபட்டது. கோப்பையில் கரைந்திருக்கும் நுண்ணளவு அந்த ஆலைக் காற்றுக்கு நிகராகாது. ஆனால் நம் கோப்பைக்கு மணம் கலந்து தருபவர்களின் மூச்சைப் பற்றிக் கேட்கும் கடமை நமக்கு உண்டு.

கடைசி மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன்: என்னதான் சொன்னாலும் இது பை ஆகாது. ஓட்டின் மொறுமொறுப்பு இல்லை, வெண்ணெயின் வழவழப்பு இல்லை, வயிறு நிறைவதில்லை. வயிறும் ஒரு சாட்சி என்பதற்கு ஐவான் டி அரௌஜோ குழுவின் 2008 ஆய்வு ஆதாரம். மரபணு மாற்றத்தால் இனிப்பை அறியாத எலிகள்கூட, சில நாள் பழகியதும் சர்க்கரை நீரையே நாடின. நாக்கு சொல்லாததை உடல் செரிமானத்தில் கண்டுகொண்டது. எனவே மணத்தால் இனிப்பு உணர்வைத் தரலாம். சர்க்கரை உடலுக்குள் தரும் நிறைவைத் தர முடியாது. இதிலிருந்து ஓர் ஐயம் எழும்: சர்க்கரையே வராமல் மணம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், மூளை பழைய பாடத்தை மறந்து, தேநீர் இனிக்காமலே போய்விடாதா? ஸ்டீவன்சன் குழு 2000-இல் இதையும் ஆராய்ந்தது. ஒருமுறை இனிப்போடு இணைந்த மணத்தைப் பின்னர் வெறும் நீரில் பலமுறை கொடுத்தும், அதன் இனிப்பு எளிதில் அழியவில்லை. மணம் கற்ற பாடம் உறுதியானது.

கோப்பையில் சோதிப்பது

இந்த அறிவு, பை மணத் தேநீரைச் சுவைக்கும் முறையையே மாற்றுகிறது. முதல் மிடறை மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க வேண்டும். அப்போது தெரிவது நாக்கின் பங்கு மட்டும். விழுங்கியபின் விரலை எடுத்து மூச்சை மூக்கு வழியே விட்டால் பழமும் பட்டையும் வெண்ணெயும் ஒரே கணத்தில் வந்து சேரும். பொத்தியிருந்தபோதே இனித்தால் அதிமதுரமோ சீனித்துளசியோ பழச்சர்க்கரையோ இருக்கிறது என்று அறியலாம். தேயிலையை ஒப்பிட வகுத்த சர்வதேசத் தர முறை, 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலையை 6 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. குறையைக் கண்டுபிடிக்க அந்தக் கடுமை உதவும். இனிப்பு மணத்தை அனுபவிக்க அது ஏற்றதன்று. நேரம் கூடக்கூடக் கசப்பும் துவர்ப்பும் இறங்கி இனிப்பை அமுக்கிவிடும், கருந்தேயிலைக் கலவைக்கு அதில் பாதி நேரமே போதும். பால் சேர்த்தால் அதன் புரதம் பாலிஃபீனால்களைப் பற்றித் துவர்ப்பைத் தணிக்கும், கொழுப்பு மணத்தைக் கரைத்து வைத்து மெல்ல விடும். பீக்கன், கேரமல் வகைகளுக்கு அது பொருந்தும். எலுமிச்சை இன மணத்தின் கூர்மை மழுங்கும். இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது சர்க்கரையைப் பற்றிய முடிவு. டால்ட்டன், ஸ்டீவன்சன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பொருத்தமான மணத்தோடு வரும் சிறிதளவு சர்க்கரை தன் அளவுக்கு மேல் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு கரண்டி போடுபவர் அரைக் கரண்டியில் தொடங்கிப் பார்ப்பதற்கு இது அறிவியல் தரும் நியாயம்.

இனிப்பில் மணத்துக்குப் பங்கு உண்டு என்று ஏற்றால், உணவில் சர்க்கரையைக் குறைப்பது நாவைக் கட்டும் நோன்பாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் கிடைக்கும் ஆற்றலில், உணவில் சேர்க்கும் சர்க்கரை முதலியவற்றின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. மணம் இந்தச் சிக்கலைத் தனியாகத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். உடல் சர்க்கரையைத் தனக்கென்று வேறு வழியில் தேடுகிறது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் ஆப்பிள் பை மணத் தேநீர் ஒன்றைத் தெளிவாக நிறுவுகிறது: சர்க்கரையைக் குறைத்தால் இனிப்பும் அதே அளவு குறைந்தாக வேண்டும் என்ற கணக்கு தவறு. அந்தக் கணக்கை மாற்ற அமெரிக்கப் பண்டங்களின் மணத்தை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. பாயசமும் கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் தலைமுறை தலைமுறையாக ஏலக்காய்க்கும் பச்சைக் கற்பூரத்துக்கும் இனிப்பைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நம் தேநீரில் அந்த மணங்களைச் சற்றுக் கூட்டிச் சர்க்கரையைச் சற்றுக் குறைத்தால், இழப்பு கரண்டிக் கணக்கு சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும்.